காவலுக்கு நின்ற குதிரை

இல்லீங்க சார், இப்ப புது வீணைக்கு ஆர்டர் எடுக்கறதில்லை. ரிப்பேர் மட்டுந்தான். மெட்டு தேஞ்சு போச்சு, கம்பி முறுக்கற பிருடை நிக்க மாட்டேங்குது, மெழுகு உருகிப் போச்சுன்னு கொண்டாந்தா பாத்துத் தருவேன். புது வீணைன்னா மரம் வேணுமில்ல? மரம் இல்லை. சந்தேகமா இருந்தா உள்ளாற எட்டிப் பாருங்க. இவ்ளோ பெரிய கொட்டாயில ஒரு துண்டு பலா கெடக்குதா? நம்ம குதிரை மட்டுந்தான் நிக்குது. கன்னத்துல போட்டுக்குங்க சார், அது சாமி குதிரை.

உக்காருங்க. எந்த ஊரு? திருச்சியா. பொண்ணு கத்துக்குதா? நல்லது, நல்லது. அப்ப வல்லம் வழியாத்தானே திரும்பிப் போவீங்க, கார்லதானே வந்திருக்கீங்க? சரி, அதை அப்பறம் சொல்றேன். மரகதம், சாருக்கு ஒரு டீ போடு. என் சம்சாரம் சார்.

சிற்சபேசன் பட்டறையில மரம் இல்லையான்னு எல்லாரும் கேக்கறாங்க. தஞ்சாவூர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, மரம் வெக்கிறதுல என்னை மாதிரி ஆள் கெடையாது. நானே சொல்லிக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். வீணைன்னா வெறும் உளி வேலைன்னு நெனைக்கிறாங்க. அதெல்லாம் கடைசி வேலை சார். மரத்தை வாங்கி, பட்டையை உரிச்சு, வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, செங்கல்லு மேல அடுக்கி, வருஷக்கணக்குல அதுக்குக் காவல் இருக்கணும். வெள்ளைன்னா மரத்தோட வெளிச்சுத்து. சத்தெல்லாம் அதுலதான் இருக்கும், பூச்சி மொதல்ல அங்கதான் முட்டை வெக்கும். முட்டை வெச்சா தெரியாது. உள்ள புழு தின்னுக்கிட்டே இருக்கும், அதுவும் தெரியாது. வண்டாகி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும்போது உளு மாவு கொட்டும் பாருங்க, அப்பத்தான் தெரியும். அதுக்குள்ள மரம் உளுத்திருக்கும்.

அதனால நான் ஒரு சட்டம் வெச்சிருந்தேன். வெளியிலேருந்து எந்த மரம் வந்தாலும் நேரா கொட்டாய்க்குள்ள வரக்கூடாது. மொதல்ல விரலை மடக்கித் தட்டிப் பாப்பேன். கணீர்னு சொல்லணும். அப்பறம் அதோ அந்த வேப்பமரத்தடியில ஒரு கோடை முழுக்கக் கெடக்கணும். மாவு கொட்டலைன்னாத்தான் உள்ள அனுமதி. ஒரு தடவை எங்க சின்ன மாமனார் ஒரு கட்டிலைக் கொண்டாந்து ரெண்டு நாள் உள்ள போட்டுக்கறேன்னு சொன்னார். கட்டிலும் மரந்தானே மாமா, வெளியிலயே போடுங்கன்னுட்டேன். அதோட அவர் என்கிட்ட பேச்சை நிறுத்திட்டார். போகட்டும். தொழில்னு வந்தா முகதாட்சண்யம் பாக்கக் கூடாது.

அவ்ளோ கண்டிப்பா இருந்தவன் சார் நான். என் கொட்டாய்லதான் உளு பூந்துச்சு.

எப்படிப் பூந்துச்சுன்னு கேளுங்க. எனக்கு ஒரே பொண்ணு, செண்பகம். மாப்பிள்ளை கருணாகரன், பண்ருட்டிப் பக்கம். அவங்க வீட்டுல பலாத் தோப்பு இருக்கு. கல்யாணத்துக்கு அவங்க அப்பா என்ன சீர் அனுப்பினார் தெரியுமா? ஒரு பலா மரம். முழு அடிமரம். அவங்க வாசல்ல, அவர் பொறந்ததுலேருந்து நின்ன மரமாம். தேய்பிறை பாத்து வெட்டி, லாரியில ஏத்தி, மாலை போட்டு அனுப்பிச்சார். சம்பந்தி, உங்க கையால இதுல ஒரு ஏகாண்ட வீணை பண்ணணும்னார். ஏகாண்டம்னா குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்துல, ஒட்டே இல்லாம கொடையறது. அந்த மாதிரி சுத்தளவுல மரம் கெடைக்கிறது குதிரைக்கொம்பு. நான் என் ஆயுசுல ஒண்ணே ஒண்ணு பண்ணியிருக்கேன்.

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. ஆனா நான் பாத்தேன். தட்டினேன். பொய் சொல்லக் கூடாது, கோயில் மணி மாதிரிதான் சொல்லிச்சு. வேப்பமரத்தடியில ஒரு கோடை கெடந்துச்சு, ஒரு சிட்டிகை மாவு கொட்டலை. உள்ள எடுத்துக்கிட்டோம். வெள்ளையைச் செதுக்கிடலாம் மாமான்னு மாப்பிள்ளை சொன்னார். வேணாம், சுத்தளவு குறைஞ்சா குடம் சின்னதாயிடும், வேலை ஆரம்பிக்கும்போது எடுத்துக்கலாம்னேன். அது என் அனுபவம்.

மாப்பிள்ளை இங்கேயே தங்கித் தொழில் கத்துக்கிட்டார். கை நல்ல கை. அதையும் ஒத்துக்கணும்.

இந்தக் குதிரை எப்ப வந்துச்சுன்னா, எங்க குலதெய்வக் கோயில்ல கும்பாபிஷேகம் நடந்துச்சே, அந்த வருஷம். எங்க முப்பாட்டனார் செதுக்கின வாகனம் சார் இது. அத்தி மரம். சாமி இது மேலதான் புறப்பாடு போவாரு. அந்த வருஷம் வீதி திரும்பும்போது முன்னங்கால் பட்டுன்னு ஒடிஞ்சுது. நல்லவேளை, சாமியைத் தாங்கிட்டாங்க. புது வாகனம் பண்ணியாச்சு, பழசை ஆத்துல விட்டுடுவோம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை. எங்க முப்பாட்டன் கை பட்டது, என்கிட்ட குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்.

தூக்கறதுக்கு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன் சார். தேவையே படலை. ஒடிஞ்ச காலை மடியில வெச்சுக்கிட்டு, மிச்சக் குதிரையை நானும் இன்னொருத்தரும் அலுங்காம டெம்போவுல ஏத்திட்டோம். அவ்ளோ லேசு. முன்னெல்லாம் எட்டுப் பேர் சேர்ந்து தூக்குவாங்க. வர மனசிருந்தா சாமி லேசா வரும்னு சொல்வாங்களே, அன்னிக்குக் கண்ணால பாத்தேன்.

என்ன? வேப்பமரத்தடியா? நீங்களும் மாப்பிள்ளை மாதிரியே கேக்கறீங்களே. சாமி வாகனத்தை வாசல்ல நிறுத்தி வெக்க முடியுமா சார்? வெயில்லயும் மழையிலயும் கெடன்னு சொல்ல முடியுமா? சூடம் காட்டி, பூசணிக்காய் சுத்தி, நேரா உள்ள கொண்டாந்து நடுவுல நிறுத்தினேன். மரத்துக்கெல்லாம் இனிமே நீதான் காவல்னு சொல்லி வேண்டிக்கிட்டேன். சம்பந்தி குடுத்த மரத்துக்கும் ஒரு மரியாதை வேணுமில்ல? அதைக் குதிரையோட காலடியிலயே போட்டு வெச்சேன்.

அடுத்த சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை. வெளக்கேத்தப் போறேன், குதிரை வயித்துக்குக் கீழ சின்னக் குவியலா, மஞ்சள் வெளுப்பா, என்னமோ கொட்டியிருக்கு. தொட்டுப் பாத்தேன். சந்தனம் சார். அரைச்சுக் காயவெச்ச சந்தனம் மாதிரி நைசா இருந்துச்சு. மரகதத்தைக் கூப்பிட்டேன், அவ அப்படியே தரையில விழுந்து கும்புட்டா. ரெண்டு பேரும் நெத்தியில வெச்சுக்கிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் கொட்டிச்சு. தெருவுல தெரிஞ்சு போய் நாலு பேர் வந்து வாங்கிக்கிட்டுப் போனாங்க. எதிர் வீட்டம்மாவுக்கு அதை வெச்சுக்கிட்டு ஒத்தைத் தலைவலியே விட்டுப் போச்சு. கேட்டுப் பாருங்க.

சில நாள் மத்தியானம் கரண்டு போயிடும். ரம்பம், மிஷின் எல்லாம் நின்னு தெருவே அமைதியாயிடும். அப்ப காதை வெச்சுக் கேட்டா உள்ளேருந்து நறுநறுன்னு மெல்லிசா ஒரு சத்தம். குதிரை கடிவாளத்தைக் கடிக்கிற சத்தம் சார் அது. மெய் சிலுத்துப் போகும்.

இங்க இப்படி அருள் கொட்டிக்கிட்டிருக்கு. அதே நேரத்துலதான் சார், அந்தப் பலா மரத்துல உளு கொட்ட ஆரம்பிச்சுது.

அதுவும் மாவுதான். நெறங்கூடக் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அது வேற, இது வேற. பாத்த உடனே தெரிஞ்சுது எனக்கு. தொழில்காரனுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை ராப்பகலா உழைச்சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். எல்லா மரத்தையும் வெளிய எடுத்து வெயில்ல புரட்டினார். வெண்காரத்தைச் சுடுதண்ணியில கரைச்சு, ஒவ்வொரு கட்டையா பிரஷ்ஷால ரெண்டு தடவை பூசினார். கொட்டாயைப் பெருக்கித் தள்ளி, சுவத்துக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சார். குதிரையையும் வெளிய எடுத்துடலாம் மாமான்னார். அதை மட்டும் தொடாதீங்கன்னுட்டேன். மழை வர்றதுக்குள்ள எல்லாத்தையும் காயவெச்சுத் திரும்பி உள்ள அடுக்கியாச்சு. ஒரு வருஷம் ஒண்ணும் இல்லை. மறு சித்திரையில மறுபடி கொட்டுது. பாருங்க, அத்தனை மருந்து வெச்சும் வந்துச்சுன்னா என்ன அர்த்தம்? மரத்தோட பொறப்புலயே கோளாறுன்னு அர்த்தம். வேற என்ன இருக்க முடியும்?

இன்னொண்ணு கேளுங்க. குதிரைக்குப் பக்கத்துல இருந்த மரந்தான் மொதல்ல போச்சு. தள்ளி இருந்ததெல்லாம் அப்பறந்தான் போச்சு. மாப்பிள்ளை இதைக் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஆமாய்யா, சாமி பக்கத்துல அசுத்தம் இருந்தா சாமி பொறுக்குமா? காட்டிக் குடுத்துடுச்சு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

மெட்ராஸ்லேருந்து ஒரு வித்வாம்சினி அம்மா ஏகாண்டம் வேணும்னு கேட்டாங்க. மேல்சுத்து போனாலும் உள்ள வைரம் நல்லாத்தான் இருக்கும், குடத்தைச் சின்னதாப் பண்ணிக்கலாம்னு மாப்பிள்ளை நம்பிக்கையா ஆரம்பிச்சார். அவங்க அப்பா ஆசைப்பட்ட வீணையாச்சே. குடம் கொடைஞ்சுக்கிட்டிருக்கார், நான் யாளிக்கு அளவு குறிச்சுக்கிட்டிருக்கேன். திடீர்னு தட்டற சத்தம் நின்னுச்சு. திரும்பிப் பாத்தா உளி குடத்துக்குள்ள முழுசா எறங்கிப் போய் நிக்குது. வெள்ளையோரம் இருந்த எடம், வெளிய ஒரு பொட்டு ஓட்டை தெரியலை, உள்ள வெறும் மாவு. அவர் உளியை எடுத்ததும் பொலபொலன்னு கொட்டிச்சு.

எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டு என்கிட்ட வந்தார். "மாமா, கோச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை அந்தக் குதிரையைத் தட்டிப் பாருங்க."

"சாமியைத் தட்டிப் பாக்கச் சொல்றீங்களா?"

"மரத்தைத் தட்டிப் பாக்கச் சொல்றேன் மாமா. கட்டில் வந்தாக்கூடத் தட்டிப் பாத்துத்தானே விடுவீங்க. இது ஒண்ணைத்தான் நீங்க தட்டவே இல்லை. குதிரைக்குக் கீழ கொட்டறதும் பலாவுக்குக் கீழ கொட்டறதும் ஒண்ணுதான்."

கேட்டுக்கிட்டிருக்க முடியுமா சார்? நான் நெத்தியில வெச்சிருக்கிறது உளுன்னு சொல்றார். பூச்சி தின்னு போட்ட கழிசல்னு சொல்றார். எங்க முப்பாட்டன் பண்ணின குதிரை. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. தொழில் சொல்லிக் குடுத்து வீட்டோட வெச்சுக்கிட்ட ஆளே இப்படிச் சொன்னா, வேலியே பயிரை மேஞ்ச கதைதானே? நானும் பதிலுக்குச் சொன்னேன். "உங்கப்பன் குடுத்ததுதாண்டா உளுத்த மரம். மரம் மட்டுமில்லை, உங்க வம்சமே உளுத்த மரம்"னேன்.

அதுல என்ன சார் இருக்கு? கோவத்துல வர்ற வார்த்தை. அப்ப அவங்களுக்குக் கல்யாணமாகி நாலஞ்சு வருஷம் ஆகியும் கொழந்தை இல்லை. நான் அதை நெனச்சுச் சொல்லவே இல்லை. மரத்தை நெனச்சுத்தான் சொன்னேன். அவங்கதான் அப்படி எடுத்துக்கிட்டாங்க.

செண்பகம் அப்ப எங்களுக்குக் காபி கொண்டாந்து நிக்கறா. டம்ளரைக் கீழ வெச்சா. சத்தமெல்லாம் போடலை, அவ சத்தம் போடற பொண்ணே இல்லை. "மாமனார் வாசல் மரத்தையே வெட்டிக் குடுத்தாரேப்பா. அந்த எடத்தை நான் போய்ப் பாத்திருக்கேன், வெறிச்சுன்னு கெடக்கு"ன்னா. அவ்ளோதான். சாயங்காலம் பெட்டியோட கெளம்பிட்டாங்க. நான் பட்டறையிலேயே உக்காந்திருந்தேன். வண்டி கெளம்பற சத்தம் கேட்டுது. செண்பகம் சொல்லிக்க உள்ள வருவான்னு நெனச்சேன். வரலை.

டீ எடுத்துக்குங்க சார். ஏன் மரகதம், அங்கேயே நின்னுக்கிட்டு? சக்கரை போதுமான்னு கேளு.

இவளும் இப்பல்லாம் கொட்டாய்க்குள்ள வர்றதில்லை. சந்தனமும் வெச்சுக்கறதில்லை. செண்பகம் போன அன்னியிலேருந்து. ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டா.

மிச்ச மரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. செங்கல் சூளைக்காரன் வந்து வெறகுக்கு அள்ளிக்கிட்டுப் போனான். ரெண்டு தடவை புதுசா மரம் வாங்கி அடுக்கினேன், சட்டப்படி தட்டிப் பாத்து, வேப்பமரத்தடியில போட்டு வெச்சு, எல்லாம் பண்ணித்தான். அதுவும் போச்சு. இந்த எடத்துக்கே எவனோ கண்ணு வெச்சுட்டான்னு நெனைக்கிறேன். இந்தக் குதிரை மட்டும் இல்லைன்னா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ.

செண்பகமும் மாப்பிள்ளையும் வல்லத்துல தனியா பட்டறை போட்டுட்டாங்க. மெயின் ரோட்டுலேருந்து உள்ள திரும்பினதும் தகரக் கொட்டாய். நீங்க வீணை அங்கேயே வாங்கிக்கலாம் சார், தாராளமா வாங்கலாம். நல்ல கைன்னு சொன்னேனே. அங்க மரமெல்லாம் ஒண்ணும் ஆகலையாம். அதே பண்ருட்டி மரம், அதே தோப்பு, ஒரு பூச்சி கெடையாதாம். பாக்கறவங்க எல்லாம் வந்து என்கிட்ட சொல்றாங்க. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்கறாங்க.

கொழந்தை பொறந்திருக்கு. பொண்ணு. அங்க போன மறு வருஷமே. வளைகாப்புக்கு மரகதம் மட்டும் போய்ட்டு வந்தா. நான் ஒரு தடவை பஸ் ஏறி வல்லத்துல எறங்கினேன் சார். அந்தத் திருப்பம் வரைக்கும் நடந்தேன். கொழந்தை அழற சத்தம் கேட்டுச்சு, அவங்க கொழந்தைதானோ என்னமோ. அப்படியே திரும்பி எதிர்ப் பக்கம் வந்து தஞ்சாவூர் பஸ் ஏறிட்டேன். எனக்கு என் பொண்ணைப் பாக்கணும் சார். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. போன மாசம் ஒரு மத்தியானம், கரண்டு இல்லை, மரகதம் தூங்கறா. குதிரைகிட்ட போனேன். விரலை மடக்கினேன். தட்டிப் பாத்துடுவோம், என்னதான் சொல்லுதுன்னு கேட்டுடுவோம்னு கையைக் கொண்டு போயிட்டேன். கை அந்தரத்துல நிக்குது சார். தட்டி, அது பொதக்குன்னு சொல்லிச்சுன்னா? அப்ப நான் எதுக்கு அந்த வார்த்தையைச் சொன்னேன்? எதுக்கு என் பொண்ணு போச்சு? அந்த மனுஷன் வாசல் மரத்தை வெட்டிக் குடுத்தாரே, அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அப்படி இருக்கவே முடியாது. சாமி என்னை அந்த மாதிரி பண்ணாது. கையை மடக்கிக்கிட்டு வந்துட்டேன். இல்லாத கோளாறைத் தட்டிப் பாப்பாங்களா?

அப்பறம் யோசிச்சேன். அங்க மட்டும் எப்படி ஒண்ணும் ஆகலைன்னு. புரிஞ்சு போச்சு. இங்க குதிரை இருந்துச்சு, காட்டிக் குடுத்துச்சு. அங்க காட்டிக் குடுக்க யாரு இருக்கா? உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், வெளிய தெரியாது. திடீர்னு ஒருநாள் மொத்தமா போயிடும். கொழந்தை குட்டின்னு ஆனப்பறம் அவங்க தாங்குவாங்களா? பெத்தவன் நான் இருக்கும்போது அப்படி விட முடியுமா?

இருங்க, வர்றேன்.

இதைப் புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க சார். குதிரையோட முன்னங்கால், அன்னிக்கு ஒடிஞ்சுதே, அதேதான். மஞ்சத்துணி சுத்தி, பூஜை பண்ணி வெச்சிருக்கேன். பாருங்க, எவ்ளோ லேசு. கார்ல முன் சீட்டுலயே வெச்சுக்குங்க, காலடியில வேணாம். வல்லத்துல செண்பகத்துக்கிட்ட குடுத்துடுங்க. அவர்கிட்ட குடுக்காதீங்க, அவருக்கு இதெல்லாம் புரியாது. மரம் அடுக்கி வெச்சிருக்கிற கொட்டாய்க்குள்ள, நடுவுல, மரத்தோட மரமா வெச்சுக்கச் சொல்லுங்க. அப்பா குடுத்தனுப்பினார்னு மட்டும் சொல்லுங்க, போதும். வெச்சுப்பா. நான் குடுத்து எதையுமே அவ வேணாம்னு சொன்னதில்லை, சின்னப் புள்ளையிலேருந்து.

மரகதத்தைப் பாக்காதீங்க. அவ சும்மா தலையை ஆட்டறா. காலையிலேருந்து அவளுக்குக் கழுத்துச் சுளுக்கு.

அடடா, மடியில கொட்டிடுச்சா? தட்டாதீங்க சார், கீழ விழக் கூடாது. ஒரு விரல்ல தொட்டு எடுங்க. அப்படித்தான். நெத்தியில வெச்சுக்குங்க.